தலையிடிக்கு ரெண்டு பனடோல்: மைக்ரேன்ல நாங்க விடுற பிழைகள்

திருகோணமலையில கச்சான் காத்து அடிக்கிற காலத்தில ஆருக்குத்தான் தலையிடி இல்ல, ஆனா எல்லாத் தலையிடியும் ஒண்டில்ல. மைக்ரேன் எண்டா கனக்க நேரம் ஒரு பக்கம் விண் விண் எண்டு இடிக்கும், படி ஏறினாலே கூடும், வயித்தைப் பிரட்டும், வெளிச்சமும் சத்தமும் ஏலாது, மருந்து எடுக்காட்டி 4 மணித்தியாலத்தில இருந்து 72 மணித்தியாலம் வரைக்கும் நிக்கும். ஜன்னலைச் சாத்திப்போட்டு சீலைத்துண்டை நெத்தியில இறுக்கிக் கட்டிக்கொண்டு, குசினியில தாளிக்கிற மணத்துக்கே சத்தி வருது எண்டு படுக்கிற ஆள் உங்கட வீட்டிலயும் இருக்கலாம்.

இதுக்கு வேற பேர் வைக்கிறதுதான் முதல் பிழை. பீனிசம் எண்டு ஆவி பிடிப்பாங்க, கண்ணில பிழை எண்டு கண்ணாடி மாத்துவாங்க, ஒண்டும் சரிவராட்டி நாவூறு. மைக்ரேன் வரேக்க மூக்கடைக்கிறதும் கண்ணால தண்ணி வாறதும் நடக்கும், அதிலதான் ஏமாறுறது.

அடுத்தது "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்". மைக்ரேன் நேரம் இரைப்பை மெதுவாத்தான் வேலை செய்யும், பிந்திப் போட்ட குளிசை ரத்தத்தில சேர முதலே சத்தியோட வெளிய வந்திரும். தொடங்கின உடன எடுங்க. வளந்தாக்கள் எண்டா 500 மில்லிகிராம் பனடோல் (பரசிட்டமோல்) ரெண்டு, ஒரு நாளைக்கு 8க்கு மேல வேண்டாம், ஈரல் வருத்தம் இருந்தா டொக்டரைக் கேட்டுத்தான். சத்தி கூட எண்டா அதுக்கும் குளிசை இருக்கு, கேட்டு வாங்குங்க.

அதுக்காக கண்டபடி விழுங்கவும் ஏலாது, எனக்கெண்டா இதுதான் எங்கட சனத்திட பெரிய பிழை. ஹேண்ட்பேக்கைத் திறந்தா வீட்டுத் திறப்புக்குப் பக்கத்தில பாதி கிழிஞ்ச பனடோல் கார்ட் கிடக்கும், பின்னேர டீயோட ரெண்டு, படுக்கப் போகேக்க ரெண்டு. பனடோல், இபுபுரூஃபன் மாதிரி நோக்குளிசை எண்டா மாதத்தில 15 நாளோ கூடவோ, கோடீன் கலந்த குளிசை இல்லாட்டி மைக்ரேனுக்கெண்டே குடுக்கிற சுமாட்ரிப்டான் எண்டா 10 நாளோ கூடவோ, இப்பிடி 3 மாதத்துக்கு மேல போனா மருந்தே தலையிடியைக் கொண்டரும், அதுக்கு இன்னும் குளிசை போடுவீங்க, அது முடியவே முடியாது. எடுத்த நாளெல்லாம் கலண்டரில புள்ளி குத்துங்க, அந்தக் கலண்டரைத்தான் டொக்டரிட்ட கொண்டு போகோணும். அடிக்கடி வாறதெண்டா தடுப்பு மருந்து தருவாங்க, அது வேலை செய்யக் கிழமைக்கணக்கா எடுக்கும், ஒரு கிழமையில சுகமில்லை எண்டு நிப்பாட்டிறாதீங்க. அந்தத் தடுப்பு மருந்து புரோப்ரனலோல் எண்டா, இழுப்பு (ஆஸ்மா) இருக்கிறாக்கள் முதலே சொல்லிப்போடுங்க.

கந்தசஷ்டிக்கு 6 நாளும் பட்டினி கிடந்து, டீயையும் டக்கெண்டு விட்டுட்டு தலை இடிக்குதெண்டா முருகனைக் குறை சொல்லேலாது. ஞாயிறில மத்தியானம் வரைக்கும் நித்திரை கொள்ளுறதும் அப்பிடித்தான். சாப்பாடும் நித்திரையும் ஒரே நேரத்துக்கு இருக்கோணும்.

தலையிடிக்கு முதல் கண்ணில மின்னல், வளைஞ்சு வளைஞ்சு கோடு தெரியிற பொம்பிளையள் குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை பாவிச்சா அதைக் கட்டாயம் டொக்டரிட்ட சொல்லுங்க, பக்கவாத ஆபத்து கூடும்.

காய்ச்சலோட தலையிடி எண்டா மைக்ரேன் எண்டு இருந்திடாதீங்க, டெங்குவா இருக்கலாம், அப்ப இபுபுரூஃபனும் அஸ்பிரினும் தொடவே கூடாது. டக்கெண்டு தலையில இடி விழுந்த மாதிரி வந்தா, வாய் கோணினா, பேச்சுக் குழறினா, ஒரு பக்கம் கை கால் விழுந்தா, காய்ச்சலோட கழுத்து விறைச்சா 1990 அம்புலன்சுக்கு அடிங்க, பனடோலைத் தேடிக்கொண்டு நிக்காதீங்க.