பழைய அமெரிக்கச் சுருட்டு எங்கே பிறந்தது? பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

போன கோடையில் பென்சில்வேனியாவில் ஒரு பழம்பொருள் சந்தையில் மரச் சுருட்டுப் பெட்டி ஒன்று வாங்கினேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு சுருட்டுகள் மிச்சம். மூடியில் பனைமரமும் 'ஹவானா' என்ற எழுத்தும் இருந்ததால் கியூபாச் சரக்கு என்றார் விற்றவர். அது லங்காஸ்டர் பக்கத்துச் சரக்கு என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. உங்களுக்கு ஒரு மாலை போதும்.

முதலில் மூடிப் படத்தை மறந்துவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்துங்கள். 1868ஆம் ஆண்டு அமெரிக்க வரிச் சட்டத்துக்குப் பிறகு ஃபேக்டரி எண், வரி டிஸ்ட்ரிக்ட், மாநிலம் மூன்றும் பெட்டியில் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் அடிப்பலகையில் அழுத்திப் பதித்திருப்பார்கள். பென்சில்வேனியா 9ஆவது டிஸ்ட்ரிக்ட் என்றால் லங்காஸ்டர், யார்க் வட்டாரம். 1ஆவது என்றால் பிலடெல்பியா. ஃப்ளோரிடா என்றிருந்தால் டாம்பாவையும் கீ வெஸ்ட்டையும் முதலில் தேடுங்கள். எழுத்து மங்கியிருந்தால் போன் டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எண் எழுந்து வரும். 10 மடங்கு பூதக்கண்ணாடி ஒன்று போதும். தண்ணீரோ எண்ணெயோ தடவவே கூடாது.

அடுத்தது வரி ஸ்டாம்ப். நான் சறுக்கியது இங்கேதான். என் பெட்டியில் 'சீரீஸ் ஆஃப் 1901' என்றிருந்தது. 1901இல் செய்தது என்று முடிவு கட்டிவிட்டேன். அது அந்த வரிசை ஸ்டாம்ப் தொடங்கிய ஆண்டுதான். அடுத்த வரிசை வரும்வரை பல ஆண்டுகள் அதையே ஒட்டினார்கள். ஆக, 1901க்கு முன்னால் இல்லை என்பது மட்டுமே உறுதி. ஸ்டாம்பின் மேல் குறுக்கே அடித்த ரத்து முத்திரையில் தேதி தெரிகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். எனக்கு 1908 கிடைத்தது அங்கேதான்.

ஆண்டு தெரிந்த பிறகே ஃபேக்டரி எண்ணுக்குப் பெயர் தேடுங்கள். ஒரு கடை மூடினால் அதன் எண் வேறொருவருக்குப் போய்விடும். ஊர் டைரக்டரிகளும், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இலவசமாகத் தரும் பழைய நாளிதழ்த் தொகுப்பும்தான் என் முதல் தேர்வு. ஏல விளம்பரங்களை நான் நம்புவதில்லை.

இனி புகையிலை. லேபிளில் வெறும் 'ஹவானா' என்றிருந்தால் அது சாட்சி ஆகாது. 'க்ளியர் ஹவானா' என்றால் முழுவதும் கியூபா இலை என்று பொருள். டாம்பாவில் சுருட்டியவை பல அந்த வகை. 1962 பிப்ரவரியில் கியூபாச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட தடையோடு அந்த இலை வரத்து நின்றது. சாதாரணச் சுருட்டில் உள்ளே பென்சில்வேனியா இலை, அதைக் கட்டிப் பிடிக்க விஸ்கான்சின் இலை, மேலே வேறு இலை என்று ஊர் ஊராகக் கலந்திருக்கும். கனெக்டிகட்டில் துணிப்பந்தல் போட்டு மேலிலை வளர்த்தது 1900இல்தான். அதற்கு முந்தைய சுருட்டில் மெல்லிய, வெளிறிய மேலிலை இருந்தால் சுமத்ராவை நினையுங்கள். அமெரிக்க விவசாயிகளைக் காக்க 1890இல் பவுண்டுக்கு 2 டாலர் சுங்கம் போடும் அளவுக்கு அந்த இலை வந்து குவிந்தது. அதை விளைவித்த, சுமத்ராவின் டெலி வட்டாரத் தோட்டங்களுக்குத் தமிழ்க் கூலிகளும் போயிருக்கிறார்கள். அங்குள்ள மேடான் நகரில் அவர்கள் குடியிருந்த பகுதிக்கு இன்று கம்போங் மெட்ராஸ் என்று பெயர். இதைப் படித்த அன்று அந்தப் பெட்டியை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

பின்சேர்க்கை: ஒரு வாசகர் தன் பெட்டியில் ஆண்டே இல்லை, 'சீரீஸ் 112' என்றுதான் இருக்கிறது என்று எழுதியிருந்தார். 1830ஐக் கூட்டுங்கள்: 1942. 1930களிலிருந்து 50கள் வரை இந்தக் கணக்குத்தான். 'க்ளாஸ் ஏ', 'க்ளாஸ் சி' என்று எழுத்து இருந்தால் 1917க்குப் பிந்தியது. அது சில்லறை விலையை வைத்துப் போட்ட வரி வகுப்பு, இலையின் தரத்தைச் சொல்வதல்ல. ஸ்டாம்பே இல்லையென்றால் உரிந்து போயிருக்கலாம், அல்லது 1959இல் ஸ்டாம்ப் முறை நின்ற பிறகு வந்த பெட்டியாக இருக்கலாம். ஒட்டியிருந்த இடத்தில் மரம் வெளிறியிருக்கிறதா என்று பாருங்கள்.