ஒரே நாளில் சபாரி: கொழும்பிலிருந்து போகிறவர்கள் விடும் பிழைகள்

இரவு இரண்டரைக்கு எழும்பி, அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றி, நாலு மணித்தியாலம் ஓடிக் காட்டு வாசலுக்குப் போனால், நமக்கு முன்னால் நீளமாக ஜீப் வரிசை. உள்ளே போய் மூன்று மணித்தியாலம் குலுங்கியதில் கண்டது இரண்டு மயில், ஒரு கீரி, தூரத்தில் ஒரு யானையின் முதுகு. திரும்பி வரும்போது வானுக்குள் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

இப்படி வந்தவர்கள் பெரும்பாலும் மிருகங்களைத்தான் குறை சொல்வார்கள். கேட்டுப் பார்த்தால், பிழை வீட்டிலேயே நடந்திருக்கும். எந்தக் காடு, எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் சரியாக முடிவு செய்யாமல் புறப்பட்டிருப்பார்கள்.

பெயரைக் கேட்டுக் காட்டைத் தெரிவு செய்வது

சபாரி என்றதும் எல்லார் வாயிலும் வருவது யால. காரணம் சிறுத்தை. யாலவில் சிறுத்தை நிறைய உண்டு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 979 சதுர கிலோமீற்றர் என்று சொல்லப்படும் அந்தக் காட்டில் பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் போவது முதலாம் பிரிவுக்கு மட்டும். அது முழுக் காட்டில் ஒரு சிறிய துண்டு. எல்லா ஜீப்பும் அதற்குள்தான். ஓரிடத்தில் சிறுத்தை மரத்தில் படுத்திருக்கிறது என்று ஒரு சாரதி கைபேசியில் சொன்னால், சில நிமிடங்களில் அந்த மண் பாதை கொழும்புக் காலி வீதியின் மாலை நேர நெரிசல் போல ஆகிவிடும். முன் ஜீப்பின் கூரைக்கு மேலால் ஒரு வால் தெரிந்தால் அதிர்ஷ்டம்.

பக்கத்து ஊரான திஸ்ஸமகாராமையில் இரண்டு இரவு தங்கி மூன்று தடவை உள்ளே போகிறவருக்கு யால அருமையான இடம். ஒரு தடவை தவறினாலும் அடுத்தது இருக்கிறது. போன நாளே திரும்புகிறவருக்கு அந்த வசதி இல்லை. 2020இல் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை அம்பாந்தோட்டை வரை நீண்டபின் பயண நேரம் குறைந்தது உண்மைதான். அதனால்தான் 'இப்போது ஒரே நாளில் போய் வரலாம்' என்ற ஆசை பலருக்கு வந்தது. போய் வரலாம். பார்த்து வரலாமா என்பது வேறு கேள்வி.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் உடவளவைக்குத்தான் வாக்குப் போடுவேன். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 165 கிலோமீற்றர். உடவளவை நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1972இல் தேசிய பூங்காவாக்கிய இடம் அது. அடர்ந்த காடு குறைவு, புல்வெளியும் பற்றைகளும் அதிகம். கண் தூரத்துக்கு ஓடும், மிருகம் ஒளிய இடம் குறைவு. வருடத்தில் எந்த மாதம் போனாலும் யானை காணாமல் வருவது அரிது. நீருக்குள் நிற்கும் பட்ட மரங்களில் நீர்க்காகங்களும், கரையில் மஞ்சள்மூக்கு நாரைகளும் முதலைகளும் இருக்கும். சிறுத்தையும் அங்கே உண்டு, ஆனால் அதை மறந்துவிட்டுப் போவது நல்லது.

வில்பத்து பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கையின் மிகப்பெரிய தேசிய பூங்கா அதுதான், 1,317 சதுர கிலோமீற்றர். காட்டுக்கு நடுவே வில்லு எனப்படும் இயற்கைக் குளங்கள். ஜீப் நெரிசல் யாலவை விட மிகக் குறைவு. ஆனால் அடர் காடு. ஒரு வில்லுக்கும் மற்றதற்கும் இடையில் நீண்ட நேரம் ஓட வேண்டும், அரை நாளில் போனால் மரமும் மணலும்தான் பார்த்து வருவீர்கள். அங்கே போவதென்றால் காலையிலிருந்து மாலைவரை முழு நாளையும் கொடுக்க வேண்டும். மே முதல் ஜூலை வரை போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: பாலைப்பழம். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பழம் தின்றபின் உதடு ஒட்டிக்கொள்வது ஞாபகம் இருக்கும். கரடிக்கும் அதன்மேல் நம்மைப் போலவே பைத்தியம். பாலை பழுக்கும் காலத்தில் பகலிலேயே மரத்தடியிலும் மரத்திலும் கரடியைக் காணலாம், மற்ற மாதங்களில் அது கண்ணில் படுவது கடினம்.

மின்னேரியா ஓகஸ்ட், செப்டம்பர் மாதங்களுக்கு உரியது. வறட்சியில் குளத்து நீர் வற்ற, வெளிப்பட்ட தரையில் பச்சைப் புல் முளைக்கிறது. சுற்றுக் காடுகளிலிருந்து நூற்றுக்கணக்கில் யானைகள் அதைத் தேடி வருகின்றன. இதில் பலர் கவனிக்காதது ஒன்று: புல் முளைக்க நீர் வற்ற வேண்டும். குளம் நிறைந்திருந்தால் கூட்டம் இல்லை. யானைகள் பக்கத்திலுள்ள கவுடுல்லவுக்கோ ஹுருலு காட்டுக்கோ போயிருக்கலாம். முதல் நாள் அங்குள்ள ஒரு ஜீப்காரரிடம் 'இன்றைக்கு யானை எங்கே நிற்கிறது?' என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். மின்னேரியா என்று அடம்பிடிக்க ஒன்றுமில்லை.

இடையில் ஒரு சின்ன விஷயம். 'புலி பார்க்கலாமா அங்கிள்?' என்று பிள்ளைகள் கேட்பார்கள், சில பெரியவர்களும்தான். இலங்கைக் காடுகளில் வரிப்புலி இல்லை, சிங்கமும் இல்லை. நாம் பேச்சில் புலி என்பதும், சிங்களத்தில் கொட்டியா என்பதும் இங்கே சிறுத்தையைத்தான். வீட்டிலேயே சொல்லி வையுங்கள். தந்தமுள்ள யானையும் அப்படித்தான். இலங்கையில் ஆண் யானைகளிலும் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இல்லை. தந்தம் இல்லாததெல்லாம் பெண் யானை என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள்.

காலை பத்து மணிக்கு உள்ளே நுழைவது

நாங்கள் ஒரு தடவை இதைச் செய்தோம். 'விடியற்காலையில் எழும்ப ஏலாது, ஐந்து மணிக்குப் போகலாம்' என்று தொடங்கி, வழியில் தேநீருக்கு நின்று, காலைச் சாப்பாட்டுக்கு நின்று, வாசலுக்குப் போகும்போது பத்தேகால். வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கிய நேரம். யானைகள் நிழலுக்குள் போய்விட்டன, பறவைகள்கூட அடங்கிவிட்டன. ஒன்றரை மணி வரை நாங்களும் ஜீப்பும் மட்டும் அந்த வெயிலில் நின்றோம்.

பூங்கா வாசல் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். மிருகங்கள் நடமாடுவது இந்தப் பன்னிரண்டு மணித்தியாலத்தின் இரண்டு முனைகளிலும்தான். ஆகவே ஒன்று, திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு, இரண்டரைக்கு உள்ளே போய் மூடும்வரை இருக்க வேண்டும். நடுவில் போவது காசுக்கு நட்டம்.

பயண முகவர்கள் பெரும்பாலும் விற்பது விடியற்காலைப் பயணத்தை. கொழும்பிலிருந்து இதற்கு இரவு இரண்டு மணிக்காவது புறப்பட வேண்டும். அந்த வானை ஓட்டுகிறவர் முதல் நாள் என்ன வேலை செய்தார், எத்தனை மணிக்குப் படுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்பேன், தயங்காமல். காட்டு யானையை விட எனக்குப் பயம் கண் சொக்கும் சாரதியிடம்தான்.

உடவளவைக்கு நான் இப்போது போவது மாலைச் சபாரிக்கு. காலை ஆறரைக்குப் புறப்பட்டால் இரத்தினபுரி, பெல்மதுளை வழியாக ஆறுதலாகப் போகலாம். பூங்காவுக்கு அருகே யானைக்குட்டிகளுக்கான இடைத்தங்கல் நிலையம் ஒன்று 1995 முதல் இருக்கிறது. தாயை இழந்த குட்டிகளை வளர்த்து மறுபடி காட்டுக்கே விடும் இடம். நாளுக்குச் சில தடவை பால் கொடுக்கிறார்கள், பகல் 12 மணிக்கு ஒன்று. மேடையில் நின்று பார்க்கலாம், தொட முடியாது. தொட முடியாததுதான் அந்த இடத்தின் சிறப்பு, மனிதருக்குப் பழகிய குட்டி காட்டில் பிழைப்பது கடினம். அதைப் பார்த்து, சாப்பிட்டு, இரண்டரைக்கு ஜீப் ஏறினால் வெயில் சாயச் சாய யானைகள் நீருக்கு இறங்குவதைக் காணலாம். வீட்டுக்கு வரப் பத்துப் பத்தரை ஆகும், ஆனால் நடுச்சாமத்தில் எழும்பும் தொல்லை இல்லை.

'எல்லாம் உட்பட' என்பதை நம்புவது

சபாரிக் காசு மூன்று துண்டாக இருக்கும். கொழும்பிலிருந்து போய்வரும் வாகனம், காட்டுக்குள் ஓடும் ஜீப், பூங்காவின் நுழைவுக் கட்டணம். நுழைவுக் கட்டணத்தோடு வாகனத்துக்கும் சேவைக்கும் தனித்தனியாக அறவிடுவார்கள், அதன்மேல் வரியும் சேரும். முகவர் சொல்லும் தொகையில் இதில் எது எது அடக்கம் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜீப் எத்தனை மணித்தியாலத்துக்கு, ஜீப்பில் நாம் மட்டுமா வேறு ஆட்களும் ஏறுவார்களா என்பதையும் சேர்த்து.

கனடாவிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருக்கிறது என்றால் இன்னும் கவனம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கான கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. தமிழ் கதைப்பதால் உள்ளூர்ச் சீட்டு கிடைக்காது. வாசலில் நின்று 'நாங்களும் இந்த நாட்டு ஆட்கள்தானே' என்று வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன், பின்னால் நின்ற வரிசைதான் பாவம். இங்குள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் சார்க் நாட்டவருக்கான கட்டணம் உண்டா என்று கேளுங்கள், கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும்.

ஜீப் சாரதியிடம் வாய் திறக்காமல் இருப்பது

நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், நமக்குச் சிறுத்தைதான் வேண்டும் என்று சாரதி முடிவு செய்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, சிறுத்தை காட்டினால்தான் கையில் ஏதாவது கூடக் கிடைக்கும் என்று பழக்கியது நாங்கள்தானே. அதனால் அவர் வேகமாக ஓடுவார், வழியில் நின்ற பஞ்சுருட்டான் குருவியும் மானும் தூசிக்குள் போய்விடும். ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: 'அவசரம் வேண்டாம் அண்ணை, எது கிடைத்தாலும் நிறுத்துங்கள், நின்றால் எஞ்சினை நிற்பாட்டுங்கள்.' சிங்களம் தெரியாவிட்டால் 'ஹெமின், ஹெமின்' போதும், மெதுவாக என்று அர்த்தம். அன்பளிப்பு கொடுப்பதாக இருந்தால் சிறுத்தைக்காகக் கொடுக்காதீர்கள், பொறுமையாக ஓட்டியதற்குக் கொடுங்கள்.

யானைக்குக் கிட்டப் போகச் சொல்லி அவரை வற்புறுத்துவது இதைவிட மோசம். காதை விரித்துக்கொண்டு நேரே பார்த்து நின்றாலோ, தலையை உலுக்கினாலோ, வால் விறைத்து மேலெழுந்தாலோ அது 'போ' என்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் இடையில் ஈரமாக மதநீர் வழியும் ஆண் யானை என்றால் தூரமே அழகு. குட்டியை நடுவில் விட்டு நிற்கும் கூட்டத்தை இரண்டு ஜீப் இரண்டு பக்கத்தால் மறித்து நின்றதைக் கண்டிருக்கிறேன். யானைகள் பொறுத்துக்கொண்டன. ஒவ்வொரு நாளும் பொறுக்கும் என்று சொல்ல முடியாது.

உணவு கொடுப்பதும் அப்படித்தான். காட்டுக்குள் செய்யாதவர்களும் போகும் வழியில் செய்கிறார்கள். உடவளவை வீதியோரம் மின்வேலிக்கு அப்பால் நிற்கும் யானைகளுக்குப் பழம் கொடுப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. புத்தல கதிர்காமம் வீதியில் யானைகள் வாகனத்தை மறித்துத் தும்பிக்கையை உள்ளே விடுவது இப்படிப் பழகித்தான். நீங்கள் கொடுத்த வாழைப்பழத்துக்கு அடுத்த முறை கண்ணாடி உடைபடுவது வேறொருவருடைய வண்டியில்.

மற்றவை

நாட்காட்டியைப் பாருங்கள். யாலவின் முதலாம் பிரிவை வழக்கமாகச் செப்டம்பர் தொடக்கம் முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரை மூடுவார்கள். போயா என்ற பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்த நீண்ட வார இறுதியில் எந்தப் பூங்காவுக்கும் போகாதீர்கள். செவ்வாயோ புதனோ லீவு போட முடிந்தால் போடுங்கள், அந்த வித்தியாசம் பெரியது.

உள்ளே கழிப்பறையை நம்ப வேண்டாம், வாசலில் போய்விட்டு ஏறுங்கள். குறித்த இடங்கள் தவிர வேறெங்கும் ஜீப்பை விட்டு இறங்க முடியாது. யாலவில் அப்படி இறங்கும் இடம் பட்டனங்கல கடற்கரை, 2004 சுனாமியில் அங்கே இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் ஒன்றும் இருக்கிறது. வெள்ளை உடுப்பு போட்டால் செம்புழுதியில் மாலைக்குள் காவி ஆகிவிடும். முதுகு வலி உள்ளவர்கள் ஜீப்பின் பின் இருக்கையைத் தவிர்த்து நடு இருக்கையில் இருக்கட்டும், பின்னால்தான் குலுக்கல் கூட. பொலித்தீன் பையில் சோத்துப் பார்சல் கட்டிப் போகாமல் டப்பாவில் கொண்டு போங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

கைபேசிக் கமராவில் தூரத்து யானை எறும்பு மாதிரித்தான் வரும். யாரிடமாவது ஒரு பைனாகுலர் இரவல் வாங்குங்கள். ஒன்று இருந்தால் போதும், அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கும்போது பிள்ளைகள் தாமாகவே சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள்.