மணலில் ஊறிய தண்ணீரில் வைரஸ் இருக்காதா? கிணறு வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் திருவான்மியூரிலிருந்து ஈஞ்சம்பாக்கம் வரை கடலோரத் தெருக்களில் பலர் சொல்வது: “நம்ம கிணத்துத் தண்ணி மணல்ல ஊறி வருது, சுத்தமாத்தான் இருக்கும்.” பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் மஞ்சள் காமாலை இருக்கிறது.

மணலைச் சல்லடையாக நினைப்பதுதான் அடிப்படைத் தவறு. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸின் விட்டம் சுமார் 30 நானோமீட்டர். 0.3 மில்லிமீட்டர் மணல் துகள் அதைவிடப் பத்தாயிரம் மடங்கு பெரிது. துகள்களின் இடுக்கில் வைரஸ் தாராளமாக நுழைந்து போகும். மணல் வைரஸைத் தடுப்பது ஒட்ட வைத்துத்தான். சுத்தமான மணலுக்கும் பெரும்பாலான வைரஸ்களுக்கும் ஒரே நெகட்டிவ் மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று விலக்கும். துகள்மேல் இரும்புத் துரு படிந்திருந்தாலோ நீரில் கால்சியம், மக்னீசியம் இருந்தாலோ ஒட்டும். பளிச்சென்ற வெள்ளை மணலைவிடச் செந்நிறம் பாய்ந்த மண் இந்த வேலைக்கு மேல்.

ஒட்டியது நிரந்தரமில்லை. மழைநீரில் உப்புகள் மிகக் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் அது இறங்கும்போது பிடி தளர்ந்து வைரஸ் மறுபடி நகரும். நீர்மட்டமும் அப்போதுதான் ஏறி, செப்டிக் டேங்க் கழிவுநீர் மண்ணில் இறங்கும் ஊறுகுழியின் அடியைத் தொடும். ஈரம் மட்டும் உள்ள மண்ணில் நீர் துகளை ஒட்டி மெல்லிய படலமாக ஊர்வதால் வைரஸ் சிக்கும். இடுக்கெல்லாம் நீர் நிரம்பிவிட்டால் அது எளிதாகக் கடந்துவிடும். ஆகவே மே மாதத் தண்ணீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டை டிசம்பரில் நம்பாதீர்கள். அந்த ரிப்போர்ட்டில் “ஈ. கோலை இல்லை” என்றிருந்தாலும் அது பாக்டீரியாவைப் பற்றிய செய்திதான். அதைவிடச் சிறிய வைரஸ் இன்னும் தூரம் போகும், நிலத்தடியில் அதிக நாள் தாங்கும்.

ஊறுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இந்தியத் தர விதி. 40-க்கு 60 அடி கிரவுண்டில் அது மனையின் முழு நீளம்! பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்தே அளந்து பாருங்கள். வேளச்சேரி, கிண்டி போன்ற பாறைப் பகுதிகளில் இந்தக் கணக்கும் உதவாது; விரிசல் வழியே ஓடும் நீர் மண்ணைத் தொடுவதே இல்லை.

மழைநீர் சேகரிப்புக் கிணற்றில் குளியலறைத் தண்ணீரைத் திருப்புவது இன்னொரு விபரீதம். வடிகட்ட வேண்டிய மேல்மண்ணைத் தாண்டி அழுக்கு நேரே நிலத்தடி நீரில் சேர்கிறது.

வீட்டில் டிரம்மில் மணல் ஃபில்டர் வைப்பவர்கள் அவசரப்படுகிறார்கள். மெதுவாக வடிந்தால்தான் பலன்: நீர் மணிக்கு 10 முதல் 30 சென்டிமீட்டர்தான் இறங்க வேண்டும். 55 சென்டிமீட்டர் அகலமுள்ள டிரம்மில் மணிக்கு சுமார் 50 லிட்டர், அதாவது மூன்று குடம் சொச்சம். மேலே படிந்து கிருமிகளைப் பிடிக்கும் வழவழப்பான படலம் முதிரச் சில வாரம் ஆகும். அழுக்கென்று மணலை முழுக்கக் கழுவினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடைத்துக்கொண்டால் மேல் 1–2 சென்டிமீட்டரை மட்டும் சுரண்டுங்கள். படலம் காயவே கூடாது.

எந்த ஃபில்டரானாலும் கடைசியில் குளோரின் வேண்டும். 1,000 லிட்டர் தெளிந்த நீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் 2.5 கிராம், ஒரு மணி நேரம் காத்திருங்கள். கலங்கல் நீரில் போட்டால் கலங்கலே குளோரினைத் தின்றுவிடும். திறந்து கிடந்த பவுடரும் வீரியம் இழந்திருக்கும். சந்தேகமென்றால் குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சுங்கள்: தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும், பத்து நிமிடம் வைப்பது கேஸுக்குத்தான் நஷ்டம்.