வங்கி முடங்கினாலும் சம்பளம் நிற்காமலிருக்க: நிறுவனங்களுக்கும் கணக்கர்களுக்கும் ஒரு வழிகாட்டி

2020ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் தேதி, வியாழக்கிழமை மாலை 6 மணி முதல் யெஸ் வங்கியின் மீது இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. வைப்புதாரர் ஒருவர், எத்தனை கணக்குகள் வைத்திருந்தாலும், மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்பதே அந்த ஆணையின் சாரம். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்து முடிக்க வேண்டிய நிறுவனங்களுக்கு எஞ்சியிருந்தவை இரண்டே நாட்கள். அதே ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி, தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், கரூரில் 1926இல் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கிக்கும் இதே நிலை வந்தது. அங்கே வரம்பு 25,000 ரூபாய்.

இந்த ஆணைகளில் வரும் 'வைப்புதாரர்' என்ற சொல்லை நிறுவனம் நடத்துவோர் நன்றாக உள்வாங்கிக்கொள்ள வேண்டும். இருநூறு பேருக்குச் சம்பளம் போடும் ஆலையாக இருந்தாலும், வங்கியின் பார்வையில் அது ஒரே ஒரு வைப்புதாரர்தான். கணக்கில் 40 லட்சம் இருந்தாலும் 25,000 ரூபாய்தான் வெளியே வரும். மருத்துவம், உயர்கல்வி, திருமணம் போன்ற தவிர்க்க முடியாத செலவுகளுக்கு 5 லட்சம் வரை அனுமதிக்கும் விதிவிலக்கு இரு ஆணைகளிலும் இருந்தது. ஒரு நிறுவனம் தன் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் சம்பளம் அந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டு வங்கிகளிலும் வைப்புதாரர்களின் பணம் கடைசியில் கிடைத்துவிட்டது. யெஸ் வங்கியின் தடை மார்ச் 18 மாலை நீங்கியது; லட்சுமி விலாஸ் வங்கி நவம்பர் 27 அன்று டிபிஎஸ் வங்கியுடன் இணைக்கப்பட்டது. ஆயினும் சம்பளம் என்பது நாள் குறித்துக் கொடுக்கப்படும் பணம். சனிக்கிழமை கூலியை நம்பி மளிகைக் கடையில் கடன் சொல்லியிருப்பவருக்கும், 5ஆம் தேதி வீட்டுக்கடன் தவணை பிடிக்கப்படுபவருக்கும் பத்து நாள் தாமதமே பெரும் சேதம்தான். ஆகவே வங்கி முடங்கும்போது நிறுவனம் காக்க வேண்டியது பணத்தை மட்டுமல்ல, அந்தத் தேதியையும்தான்.

முதலில் உங்கள் சம்பளம் எந்த வழியாகப் போகிறது என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வாடிக்கையாளர் பணம் செலுத்தும் கணக்கு, சம்பளம் கிளம்பும் கணக்கு, இடையில் சம்பளப் பட்டுவாடாவைக் கவனிக்கும் நிறுவனம் இருந்தால் அது பயன்படுத்தும் வங்கி, இறுதியாக ஊழியரின் வங்கி என நான்கு இடங்களாவது அதில் வரும். இவற்றில் எது முடங்கினாலும் சம்பளம் நின்றுவிடும். மூன்றாவது இடத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதேயில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டபோது, அந்த வங்கியில் கணக்கே இல்லாத நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் சம்பளம் தாமதமானது. அவர்களுக்காகப் பட்டுவாடா செய்து வந்த ரிப்ளிங் என்னும் நிறுவனம் அந்த வங்கி வழியாகப் பணத்தை அனுப்பி வந்ததே காரணம். அந்நிறுவனம் அவசரமாக ஜேபி மார்கன் சேஸ் வங்கிக்கு மாற வேண்டியிருந்தது. உங்கள் பட்டுவாடா நிறுவனம் சம்பளக் கோப்பைத் தயாரித்துத் தருவதோடு நிற்கிறதா, அல்லது உங்கள் பணத்தைத் தன் கணக்கில் வாங்கி அங்கிருந்து பிரித்து அனுப்புகிறதா என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது முறை என்றால், அதன் வங்கி எது, மாற்று வங்கி எது என்பதை எழுத்து மூலம் பெற்று வையுங்கள்.

வைப்புக் காப்பீட்டை நம்பிச் சம்பளத் திட்டம் போடக் கூடாது. 2020 பிப்ரவரி 4 முதல் காப்பீட்டு வரம்பு ஒரு வங்கியில் ஒரு வைப்புதாரருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய். 2021இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, கட்டுப்பாடு விதிக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் அத்தொகை கிடைக்க வேண்டும்; வங்கியை வேறொன்றுடன் இணைக்கும் முயற்சி நடந்தால் இக்காலம் மேலும் 90 நாட்கள் நீளலாம். அறுபது பேர் வேலை செய்யும் ஒரு பின்னலாடை அலகை எடுத்துக்கொள்வோம். சராசரியாக ஆளுக்கு 16,000 ரூபாய் என்றால், ஒரு மாதச் சம்பளமே 9,60,000 ரூபாய். காப்பீடு அதில் ஏறக்குறைய பாதியை மட்டுமே ஈடுசெய்யும், அதுவும் கைக்கு வர மூன்று மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். அவ்வங்கியில் கடன் நிலுவை இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். சிறு தொழில்களில் பல சம்பளத்தைக் கேஷ் கிரெடிட் கணக்கிலிருந்தே போடுகின்றன. அது வைப்பே அல்ல, கடன். வங்கி முடங்கியதும் புதிய கடன் கொடுப்பதும் நின்றுவிடுவதால், எடுக்காமல் விட்டுவைத்த கடன் வரம்பு அன்றைக்குக் கைகொடுக்காது.

முன்னேற்பாடுகளுள் முதன்மையானது வேறொரு வங்கியில் இரண்டாவது நடப்புக் கணக்கு. கேஷ் கிரெடிட் அல்லது ஓவர்டிராஃப்ட் வசதி பெற்றிருப்போர் பிற வங்கிகளில் நடப்புக் கணக்கு தொடங்குவதற்கு ரிசர்வ் வங்கி சில நிபந்தனைகளை விதித்துள்ளது. மொத்தக் கடன் அளவைப் பொறுத்து அவை மாறுபடும் என்பதால், கடன் கொடுத்த வங்கியிடமும் ஆடிட்டரிடமும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒரு மாதச் சம்பளத் தொகையை அதில் வைத்திருப்பது நல்லது. அது இயலாத நிறுவனம் வாரக்கூலி ஒரு தவணையையும், குறைந்த சம்பளம் வாங்குவோரின் ஒரு மாதத் தொகையையும் ஒதுக்கி வைக்கலாம்.

கணக்கு இருப்பது வேறு, அதிலிருந்து சம்பளம் போட முடிவது வேறு. நிறுவனங்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்று நான் கருதுகிறேன். தேவையான தருணத்தில் திறந்து பார்த்தால், கோப்பை ஏற்றுபவருக்கும் ஒப்புதல் தருபவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வாங்கப்பட்டிருக்காது. ஒப்புதல் தர வேண்டிய பங்குதாரரின் பழைய செல்பேசி எண்ணுக்கு ஓடிபி போய்க்கொண்டிருக்கும். மொத்தமாகப் பணம் அனுப்பும் வசதிக்கு விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்கள். அறுபது பயனாளிகளை அன்று புதிதாகச் சேர்த்தால், சேர்த்த உடனே பெருந்தொகை அனுப்ப வங்கி விடாது. இவை எதுவும் ஒரு நாளில் முடிகிற வேலை அல்ல. எனவே மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது ஒரு சம்பளப் பட்டுவாடாவை முழுவதுமாக இரண்டாவது வங்கி வழியாகவே செய்து பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களின் கணக்கு விவரங்கள் அங்கே ஏறியிருக்கின்றனவா என்பதும் அப்போது தெரிந்துவிடும். சம்பளப் பட்டியல், கணக்கு எண்கள், ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் ஆகியவற்றின் பிரதி ஒன்றை வங்கியின் இணையதளத்துக்கு வெளியே, உங்கள் சொந்தப் பாதுகாப்பில் வைத்திருங்கள்.

தடை அறிவிக்கப்பட்ட நாளில்

அறிவிப்பு பெரும்பாலும் மாலையில், வேலை நேரம் முடிந்த பிறகே வரும். அன்றிரவே செய்ய வேண்டிய வேலை, உள்ளே வரும் பணத்தைத் திருப்பிவிடுவது. முடங்கிய கணக்கில் புதிதாக விழும் ஒவ்வொரு ரூபாயும் அங்கேயே மாட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், பணம் தர வேண்டிய வாடிக்கையாளர்களை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து, மாற்றுக் கணக்கில் செலுத்தச் சொல்லுங்கள். கணக்கு எண் மாறிவிட்டதாக வரும் மின்னஞ்சலை மோசடி என்று நினைப்பது இயல்பு. அப்படி நினைப்பதே சரியும்கூட. ஆகவே அவர்களுக்குப் பழக்கமான குரலில் பேசி, நிறுவனத்தின் கடிதத்தாளில் கையெழுத்திட்ட கடிதத்தையும், கேன்சல் செய்த காசோலையையும் அனுப்பி உறுதிப்படுத்துங்கள்.

அடுத்து, ஏற்கெனவே அனுப்பிய சம்பளக் கோப்பின் நிலையைப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் யுடிஆர் எண் (பணம் அனுப்பியதை அடையாளம் காட்டும் தனி எண்) உருவாகியிருக்கிறதா, ஊழியரின் கணக்கில் வரவு ஆகியிருக்கிறதா என்று ஆள்வாரியாகக் குறியுங்கள். நிலுவையில் நிற்பவற்றை ரத்து செய்யும்படி வங்கிக்கு எழுத்து மூலம் கோரி, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

மாற்றுக் கணக்கில் இருக்கும் பணம் எல்லோருக்கும் போதாவிட்டால், யாருக்கு முதலில் கொடுப்பது என்று தயங்க வேண்டியதில்லை. தினக்கூலி, வாரக்கூலி பெறுவோருக்கும், வெளிமாநிலத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை செய்வோருக்கும், குறைந்த சம்பளக்காரர்களுக்கும் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, மேலாளர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் பிறகு கொடுங்கள். ரொக்கமாகக் கொடுக்க நேர்ந்தால் ஒவ்வொருவரிடமும் கையொப்பத்துடன் ரசீது வாங்குங்கள். ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தச் செலவு வருமான வரிக் கணக்கில் ஏற்கப்படாமல் போகலாம் என்பதால் ஆடிட்டரைக் கலந்துகொள்ளுங்கள். சம்பளத்தோடு டிடிஎஸ், பிஎஃப், இஎஸ்ஐ ஆகியவற்றின் கெடு நாட்களும் வரிசையாக வரும். வங்கி முடங்கியது சம்பளச் சட்டத்தின் 7ஆம் தேதிக் கெடுவைத் தானாகத் தள்ளிவைத்துவிடாது.

ஊழியர்களிடம் அன்றே பேசுங்கள். எந்த வங்கி, என்ன தடை, சம்பளத்தில் எவ்வளவு எந்தத் தேதியில் வரும் என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இந்தியோ ஒடியாவோ பேசும் தொழிலாளர்கள் இருந்தால் அந்த மொழியிலும் எழுதுங்கள். உறுதியாகத் தெரிந்த தேதியை மட்டுமே சொல்லுங்கள். சம்பளம் வருமா வராதா என்று தெரியாமல் ஒரு குடும்பம் இரவைக் கழிப்பது, தாமதத்தைவிடக் கொடியது.

ஊழியரின் வங்கியே முடங்கினால்

நிறுவனத்தின் வங்கி நன்றாக இருந்து, ஊழியர்களின் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கி முடங்குவதும் உண்டு. யெஸ் வங்கி முடங்கியபோது, அதைச் சார்ந்து இயங்கிய போன்பே செயலியும் நின்றுபோனதால், வேறு வங்கிகளில் பணம் வைத்திருந்தவர்களும் அதன் வழியே செலவழிக்க முடியாமல் தவித்தார்கள். இந்த நிலையில் சம்பளத்தைப் பழைய கணக்குக்கே அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. மாற்றுக் கணக்கின் விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாதவர்களுக்கு, கணக்குத் தொடங்கும் வரை, உங்கள் வங்கியில் நேரில் கொடுத்துப் பணமாக்கக்கூடிய கோடிடாத காசோலையாகவோ, ரசீது பெற்று ரொக்கமாகவோ கொடுங்கள். ஊழியர்கள் தங்கள் பங்குக்கு, பழைய கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் கடன் தவணைகளைப் பட்டியலிட்டு, தவணைத் தேதிக்கு முன்பே கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்து, வேறு வழியில் செலுத்தலாம். பிஎஃப் கணக்கில் பதிவாகியுள்ள வங்கி விவரத்தையும் மாற்ற வேண்டும்.

தடை நீங்கிய பிறகு

தடை நீங்கியதும் நிலுவையில் நின்ற பழைய கோப்பு தானாக நகர்ந்து, மாற்றுக் கணக்கிலிருந்து சம்பளம் பெற்றுவிட்டவர்களுக்கு இரண்டாம் முறையும் பணம் போய்விடக் கூடும். அன்று ஆள்வாரியாகக் குறித்து வைத்த பட்டியலையும், வங்கி கொடுத்த ஒப்புகையையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரட்டிப்பாகச் சென்றிருந்தால், அடுத்த மாதத்தில் ஒரேயடியாகப் பிடிக்காமல், ஊழியரின் ஒப்புதலோடு தவணைகளாகக் கழியுங்கள். முடங்கிய வங்கி வேறொன்றுடன் இணைக்கப்பட்டிருந்தால், நாளடைவில் காசோலைப் புத்தகங்களும் ஐஎஃப்எஸ்சி குறியீடுகளும் மாறும். புதிய குறியீடுகளைச் சம்பளக் கோப்பில் திருத்திவிட்டு, முதலில் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் அனுப்பி, அது சேர்ந்ததை உறுதிசெய்துகொண்டு மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.