ஸ்லெட் இழுப்புப் போட்டிக்கு டீசல் பிக்கப்பைத் தயார் செய்வது எப்படி? (முதல்முறை இறங்குபவர்களுக்கு)

அமெரிக்காவின் இந்தியானா, ஒஹாயோ பக்கம் கோடை வந்துவிட்டால், கவுண்டி ஃபேர் (மாவட்டத் திருவிழாச் சந்தை) நடக்கும் ஊர்களில் ஒரு மாலைப் பொழுது டிராக்டர்களுக்கும் பிக்கப்புகளுக்கும் என்றே ஒதுக்கப்பட்டிருக்கும். ஸ்லெட் என்னும் எடை ஏற்றிய இழுவை வண்டியை யார் அதிக தூரம் இழுக்கிறார் என்பதே போட்டி. நான் இருப்பது இந்தியானாவின் கொலம்பஸ். 1919இல் கம்மின்ஸ் நிறுவனம் தொடங்கிய ஊர் இது. அங்கே வேலை பார்க்கும் நம் ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களில் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த டியூன் (இன்ஜின் கணினியின் அமைப்பு) போட்டால் நன்றாக இழுக்கும்?" என்பதுதான்.

உள்ளூர் ஸ்டாக் வகுப்பில் (கம்பெனி தந்தபடியே இருக்கும் வண்டிகளுக்கானது) முதல்முறை இறங்குகிறீர்கள் என்றால் இன்ஜினில் கை வைக்க வேண்டாம். நீங்கள் இழுக்கப்போகும் தூரம் ஹிட்ச்சிலும் (வண்டியின் பின்னால் ஸ்லெட்டை மாட்டும் இடம்) எடையிலும் டயரிலும் இருக்கிறது. அவற்றைச் சரி செய்யாமல் குதிரைத்திறனை ஏற்றினால் சக்கரம் சுழன்று மண்ணைத்தான் தோண்டும். டியூனுக்காக டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) கழற்றும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். சாலையில் ஓடும் வண்டியில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றுவது இங்கே கூட்டாட்சிச் சட்டத்துக்கு விரோதம்.

கீழே சொல்வதெல்லாம் என் வண்டியை வைத்துத்தான்: 2004 டாட்ஜ் ராம் 2500, 5.9 லிட்டர் கம்மின்ஸ், ஆறு கியர் மேனுவல், நான்கு சக்கர இயக்கம்.

ஸ்லெட் என்ன செய்கிறது

ஸ்லெட்டின் பின்பக்கம் சக்கரங்கள், முன்பக்கம் தரையில் தேய்ந்துகொண்டு போகும் ஓர் இரும்புத் தட்டு. மேலே எடைப்பெட்டி. நீங்கள் இழுக்க இழுக்க, ஸ்லெட்டின் சக்கரங்களோடு இணைந்த பல்சக்கரங்கள் அந்தப் பெட்டியை முன்னால் நகர்த்தும். தொடக்கத்தில் சக்கரங்கள் மேல் இருந்த எடை போகப் போகத் தட்டின் மேல் ஏறி, உராய்வு கூடிக்கொண்டே போகும். 300 அடி போய்விட்டால் அது முழு இழுப்பு. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் முழு இழுப்பு இழுத்தால், ஸ்லெட்டில் எடையைக் கூட்டி அவர்களை மறுபடி இழுக்க வைப்பார்கள்.

விதித்தாள்

காசு செலவழிக்கும் முன் உங்கள் ஃபேரின் விதித்தாளை வாங்கிப் படியுங்கள். ஊருக்கு ஊர் மாறும். வகுப்பின் எடை வரம்பு, ஹிட்ச் உயரம், முன் எடை எவ்வளவு தூரம் நீட்டலாம், பின் சஸ்பென்ஷனை அடைத்து இறுக்கலாமா என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட், தீயணைப்பான், யூ-கிராஸ்களுக்கு (சுழலும் தண்டுகளை இணைக்கும் சிலுவை மூட்டுகள்) இரும்புக் கவசம் ஆகியவை கேட்பார்கள். கேட்காவிட்டாலும் போடுங்கள். உடைந்த யூ-கிராஸ் பறந்து எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேல் வகுப்புகளில், இன்ஜினுக்குப் போகும் காற்றை அடைத்து அதை நிறுத்தும் கில் சுவிட்ச்சும் கட்டாயம். டர்போ சீல் போய் இன்ஜின் தன் ஆயிலையே எரித்து ஓட ஆரம்பித்துவிட்டால், டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது.

எடையும் ஹிட்ச்சும்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். இந்த இரண்டையும் ஒரே வேலையாகப் பாருங்கள், தனித்தனியாகச் செய்தால் கணக்கு உதைக்கும்.

ஹிட்ச்சிலிருந்து ஸ்லெட்டுக்குப் போகும் சங்கிலி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் இழுவிசையில் ஒரு பங்கு ஹிட்ச்சைக் கீழே அழுத்தி, பின் டயர்களுக்குப் பிடி கொடுக்கும். ஹிட்ச் உயரமாக இருந்தால் சாய்வு கூடும், பிடியும் கூடும். பல ஊர் விதிகள் 26 அங்குலத்தை உச்ச வரம்பாக வைத்திருப்பது அதனால்தான். ஆனால் ஹிட்ச் பின் அச்சுக்குப் பின்னால் இருப்பதால் அதே விசை முன்பக்கத்தைத் தூக்கவும் செய்யும். முன் டயர்கள் இலேசாகிவிட்டால் நான்கு சக்கர இயக்கம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதற்குத்தான் பம்பருக்கு முன்னால் டிராக்டரின் சூட்கேஸ் எடைகளை (கைப்பிடி வைத்த இரும்புக் கட்டிகள்) தொங்கவிடுகிறோம்.

முதலில் வண்டியை டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேலில் (CAT Scale, லாரி எடை மேடை) ஏற்றுங்கள். முன் அச்சு, பின் அச்சு இரண்டின் எடையையும் தனித்தனியாகத் தாளில் அடித்துக் கொடுப்பார்கள். மொத்த எடை மட்டும் காட்டும் மேடை இந்த வேலைக்குப் போதாது. என்னை மாதிரி வண்டி, ஓட்டுநரோடு சேர்த்து 7,000 பவுண்டுக்கு அருகில் வரும். வகுப்பு வரம்பு 8,000 என்றால் 1,000 பவுண்டு சேர்க்க இடம் இருக்கிறது. அது முழுவதையும் முன்னால் போடுங்கள். நின்ற நிலையில் முன் அச்சில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பது என் விருப்பம்.

இப்போது கவனிக்க வேண்டிய இடம். 1,000 பவுண்டை முன் அச்சுக்கு 48 அங்குலம் முன்னால் தொங்கவிட்டால், அது முன் அச்சை அழுத்துவதோடு பின்பக்கத்தை நெம்பித் தூக்கும். என் வண்டியில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ 140 அங்குலம். கணக்குப் போட்டால் பின் அச்சிலிருந்து சுமார் 340 பவுண்டு குறைகிறது. பாரம் குறைந்ததும் பின் ஸ்பிரிங் பட்டைகள் மேலே எழும், கூடவே ஹிட்ச்சும் எழும். வீட்டில் எடை இல்லாமல் சரியாக 26 அங்குலம் வைத்தவர், எடை மாட்டிக்கொண்டு பரிசோதனைக்குப் போனால் வரம்பைத் தாண்டி நிற்பார்.

ஆகவே வரிசை இப்படி: டயரில் போட்டிக்கான காற்று, டேங்கில் போட்டி அன்று இருக்கும் அளவு டீசல், முன் எடைகள் முழுவதும், ஓட்டுநர் இருக்கையில் ஆள். பிறகு வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் நகர்த்தி, சமமான கான்கிரீட்டில் நிறுத்தி, அதற்கப்புறம்தான் அளக்க வேண்டும். டேப்பை நம்பாமல், 26 அங்குலத்துக்கு ஓர் இரும்புக் குழாயை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதை ஹிட்ச்சுக்குப் பக்கத்தில் நிறுத்தி, அளக்கும் பரப்பு குழாயின் நுனியைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், படிப்பதில் பிழை வராது. அளப்பது கொக்கி மாட்டும் வளையத்தின் மேற்பரப்புக்கா அடிப்பரப்புக்கா என்று விதித்தாளில் பாருங்கள், இல்லையென்றால் போன் செய்து கேளுங்கள். நான் வரம்புக்குக் கால் அங்குலம் கீழேயே வைக்கிறேன். ஃபேர் மைதானத்தில் தரை சமமாக இருக்கும் என்று உறுதி இல்லை.

இழுக்கும்போது பின்பக்கம் அமுங்கினால் நீங்கள் பாடுபட்டு வைத்த உயரம் போய்விடும். விதி அனுமதித்தால் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து அமுங்காமல் செய்யுங்கள். அனுமதிக்காத ஊரில் கூடுதல் ஸ்பிரிங் பட்டையே நல்ல வழி. காற்றுப் பை (ஏர் ஸ்பிரிங்) எனக்குப் பிடிக்காது, பாரம் ஏறும்போது அது மெத்தென்று இறங்கிவிடுகிறது.

டயரும் அச்சும்

கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். குறைத்தால் மண்ணில் பதியும் பரப்பு கூடும். அளவுக்கு மீறினால் டயரின் பக்கச் சுவர் மடிந்து, சக்கரம் துள்ள ஆரம்பிக்கும். இந்தத் துள்ளல்தான் யூ-கிராஸையும் கிரவுன் பினியனையும் (அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்கள்) உடைக்கும். காற்றை மாற்றினால் ஹிட்ச் உயரமும் மாறும், குழாயை மறுபடி வைத்துப் பாருங்கள்.

துள்ளலுக்கு நிரந்தரத் தீர்வு டிராக்‌ஷன் பார். பின் அச்சு முறுக்கிக்கொள்ளாமல் சேஸிஸோடு சேர்த்துப் பிடிக்கும் கம்பி அது. கடையில் வாங்குவதென்றால் நீளமானதாக வாங்குங்கள், கையடக்கமானவை அழகுக்குத்தான். எல்லா யூ-கிராஸ்களையும் அசைத்துப் பார்த்து, ஆட்டம் இருப்பதை மாற்றிவிடுங்கள்.

கியர்

ஃபோர்-லோ (நான்கு சக்கர இயக்கத்தின் குறைவேக நிலை). அதில் எந்தக் கியர் என்பதைக் கணக்கால் தீர்க்கலாம். என் வண்டியில் 3,000 ஆர்பிஎம்மில் மூன்றாவது கியர் மணிக்குச் சுமார் 13 மைல், நான்காவது 20 மைல் சக்கர வேகம் தரும். ஸ்டாக் இன்ஜினுக்கு மூன்றில் தொடங்குங்கள். ஸ்லெட் இலேசாக இருக்கும்போதே ஆர்பிஎம் உச்சிக்குப் போய்விட்டால் அடுத்த முறை நான்கு. ஓட்டத்தின் நடுவே கியர் மாற்றக் கூடாது. மாற்றும் அந்த ஒரு கணத்தில் ஸ்லெட் உங்களை நிறுத்திவிடும்.

களத்தில்

சங்கிலி மாட்டியதும் அங்குலம் அங்குலமாக முன்னேறி அதை விறைப்பாக்குங்கள். தொய்வோடு வெட்டி இழுத்தால் எதாவது உடையும். பச்சைக் கொடி வந்ததும் கிளட்ச்சை முழுவதும் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஆக்ஸிலேட்டரை ஏற்றுங்கள். பாதிக் கிளட்ச்சில் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏற்ற முயன்றால் கிளட்ச் தட்டு எரியும். டர்போ பிடித்ததும் முழுதாக மிதியுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். வண்டி நின்றாலோ சிவப்புக் கொடி வந்தாலோ உடனே காலை எடுங்கள். நின்ற வண்டியில் சக்கரத்தைச் சுழலவிட்டால் தூரம் கூடாது, அச்சு மட்டும் முறியும்.

திரும்பி வந்ததும் இன்ஜினைச் சட்டென்று அணைக்காமல் சில நிமிடம் ஐடிலில் விடுங்கள். டர்போவில் ஆயில் ஓடிச் சூடு தணியட்டும்.

பின்சேர்க்கை

டூராமேக்ஸ் (ஷெவர்லே, ஜிஎம்சி பிக்கப்புகளில் வரும் டீசல் இன்ஜின்) வண்டி வைத்திருக்கும் ஒருவர், தன் வண்டியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். உங்கள் வண்டியில் முன் சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் இருப்பதால், டை-ராடுதான் (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கம்பி) பலவீனமான இடம். நான்கு சக்கரமும் பிடித்து இழுக்கும்போது முன் சக்கரங்கள் உள்நோக்கித் திரும்ப முயலும், டை-ராடு வளையும். அதன்மேல் மாட்டும் தடித்த இரும்பு உறைகள் கிடைக்கின்றன. ஹிட்ச்சுக்குச் செலவழிக்கும் முன் அதை வாங்குங்கள். ராமில் முன் அச்சு ஒரே தண்டு என்பதால் நான் மேலே அதைச் சொல்லவில்லை.

இன்னொருவர் ஹிட்ச் ரிசீவரையே (டிரெய்லர் மாட்ட வண்டியின் பின்னால் இருக்கும் சதுரக் குழாய்) பயன்படுத்தலாமா என்று கேட்டார். விதி ஒப்புக்கொண்டால் பயன்படுத்தலாம். ஆனால் டிரெய்லர் மாட்டும் உருண்டைப் பந்தோடு போகாதீர்கள், ஸ்லெட்டின் கொக்கிக்கு வளையம்தான் வேண்டும். அதோடு ரிசீவரைக் கழற்றி, சேஸிஸில் போல்ட் போகும் இடங்களில் துருவைச் சுரண்டிப் பாருங்கள். இந்த ஊர்க் குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு முதலில் தின்பது அந்த இடத்தைத்தான். சுத்தியலால் தட்டும்போது மந்தமாகச் சத்தம் வந்தாலோ சில்லு பெயர்ந்தாலோ, அந்த வண்டியோடு இந்த ஆண்டு போக வேண்டாம்.