பூத்த மாமரத்துக்கு எப்போது மருந்து அடிப்பது, எப்போது சும்மா இருப்பது

மாமரத்தில் பூ தெரிந்ததும் பலருக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். பூச்சிக்கு ஒன்று, பூசணத்துக்கு ஒன்று, பூ உதிராமல் இருக்க ஒரு டானிக், எல்லாவற்றையும் ஒரே டேங்கில் ஊற்றி மரம் சொட்டச் சொட்ட அடிப்பார்கள். அப்புறம் பார்த்தால் பூ அத்தனையும் கொட்டிப்போய் வெறும் காம்பு நிற்கும். மருந்தே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, தத்துப்பூச்சியையும் சாம்பல் நோயையும் விட்டுவிட்டால் ஒரு காய்கூட மிஞ்சாத வருடம் உண்டு. ஆனால் மருந்து அடிக்க ஏற்ற சமயம் இரண்டுதான். பூங்கொத்து விரல் நீளம் வளர்ந்து, மொட்டு இன்னும் விரியாமல் இருக்கும்போது ஒரு முறை. பூ முடிந்து பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்தபிறகு, தேவைப்பட்டால், இன்னொரு முறை. நடுவில் பூ மலர்ந்து நிற்கும் நாட்களில் பூச்சிமருந்தைத் தொடாமல் இருப்பதுதான் நல்லது.

முதலில் மரத்தைப் பாருங்கள்

எந்த மருந்து என்று கேட்பதற்கு முன்னால் மரத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு காலையில் மரத்தடிக்குப் போங்கள். நாலு பக்கமும் சில பூங்கொத்துகளைத் தாளின் மேல் மெதுவாகத் தட்டிப் பாருங்கள், வெயில் படாத உள்கொப்புகளையும் விடாமல். மஞ்சளாக, நூல் துண்டு மாதிரி மெல்லியதாக ஓடுபவை இலைப்பேன். ஆப்பு வடிவத்தில், தலைப்பக்கம் அகன்று வால்பக்கம் குறுகி, தொட்டால் சட்டென்று துள்ளிப் போவது தத்துப்பூச்சி. அது அதிகமாக இருக்கும் மரத்தில் தாளே தேவையில்லை. கிளையை லேசாக ஆட்டினால் கூட்டமாகக் கிளம்பி இலைகளில் மோதும், அந்தச் சத்தம் தூறல் விழுவது போலவே கேட்கும். அடியில் உள்ள இலையைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் மேலே எதுவோ சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதை வாரம் இரண்டு முறை செய்தால் போதும். பூ வரும் பருவத்தில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டாலே நிலைமை மாறிவிடும், அதனால்தான் சொல்கிறேன்.

தத்துப்பூச்சி

பூக்காலத்தின் முதல் எதிரி இதுதான். தாய்ப்பூச்சி பூங்கொத்தின் காம்பு, மொட்டு, தளிர் இலையின் நடுநரம்பு ஆகியவற்றின் திசுவுக்குள்ளேயே முட்டையைச் செருகி வைக்கிறது. அதனால் முட்டையின் மேல் எந்த மருந்தும் எளிதில் படாது. சில நாட்களில் குஞ்சுகள் வெளியே வந்து கூட்டமாகச் சாறு உறிஞ்சும், மொட்டு பழுப்பாகிக் காய்ந்து உதிரும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தலைமுறையே முடிந்துவிடுவதால், ஒரே பூப்பருவத்தில் தலைமுறை மேல் தலைமுறையாகப் பெருகும். பூங்கொத்து நீளும் சமயத்தில் மரத்தில் இருக்கும் கொஞ்சம் தாய்ப்பூச்சிகளை அடக்கிவிட்டால் பின்னால் வரப்போகும் கூட்டமே இல்லை. பூ முழுக்க விரிந்தபிறகு விழித்துக்கொண்டு அடிப்பவருக்கு இந்த வசதி கிடைக்காது.

பூ இல்லாத மாதங்களில் இவை எங்கே போகின்றன? எங்கேயும் போவதில்லை. அடிமரத்துப் பட்டை வெடிப்பிலும் நிழலான உள்கிளைகளிலும் ஒண்டிக்கொண்டு இருக்கும். ஆகவே முதல் தெளிப்பில் பூவை மட்டும் நனைத்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கும், தூரிலிருந்து கவைகள் வரை பட்டையையும் நன்றாக நனைக்க வேண்டும். நெருக்கமாக நட்ட, காற்றும் வெயிலும் புகாத தோப்பில்தான் இதன் தொல்லை அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கொஞ்சமாக இருந்தால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலக்கி மாலையில் அடிக்கலாம், அல்லது 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு. காற்றில் ஈரம் இருக்கும் நாட்களில் பிவேரியா, மெட்டாரைசியம் போன்ற நன்மை செய்யும் பூசணங்களும் வேலை செய்யும். ஆனால் அவையும் பூசணம்தான், அடித்த கையோடு பூசணக்கொல்லியையும் அடித்தால் காசு வீண்.

ஒரு பூங்கொத்துக்கு நாலைந்துக்கு மேல் தத்துப்பூச்சி தென்பட்டால் வேப்பெண்ணெயை நம்பிக் காத்திருக்காதீர்கள். புப்ரோபெசின் குஞ்சுகள் தோலுரிப்பதைத் தடுக்கும் மருந்து, தேனீக்கு ஓரளவு பாதுகாப்பானது, குஞ்சுகள் நிறைய இருக்கும்போது என் முதல் தேர்வு அதுதான். வளர்ந்த பூச்சியை அது கொல்லாது, அடித்த மறுநாள் பூச்சி பறக்கிறதே என்று பதற வேண்டாம். இமிடாகுளோபிரிட் 17.8 சதவீத மருந்தைப் பத்து லிட்டர் தண்ணீருக்கு 3 மி.லி. என்ற அளவில் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள், நன்றாகவே கேட்கும். ஆனால் அது செடிக்குள் ஊடுருவிப் பூந்தேன் வரைக்கும் போகக்கூடியது, தேனீக்கு மிகக் கெடுதல். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் அதைத் திறந்தவெளியில் பயன்படுத்தவே தடை போட்டுவிட்டது. மொட்டு விரிய நாள் இருக்கும்போது, வேறு வழியில்லாத நிலையில், ஒரே ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்தானாலும் அது மாமரத்துக்கு அனுமதிக்கப்பட்டதா, அளவு என்ன என்று டப்பாவில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துத்தான் கலக்க வேண்டும்.

மருந்தை மாற்றி மாற்றி அடிக்கச் சொல்வார்கள், அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம், அசிட்டாமிபிரிட் மூன்றும் ஒரே குடும்பம். முதல் முறை ஒன்று, அடுத்த முறை இன்னொன்று என்று அடித்தால் பெயர்தான் மாறுகிறது, பூச்சிக்கு அது அதே மருந்துதான். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூச்சி உடனே விழும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். கூடவே கெட்ட பூச்சியைத் தின்னும் சிலந்தி, பொறிவண்டு, பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி எல்லாம் செத்துப்போகும், அப்புறம் இலைப்பேனும் மாவுப்பூச்சியும் கேட்பாரில்லாமல் பெருகும்.

இலைகளில் கரி பூசின மாதிரி கறுப்பாகப் படிவது கரும்பூசணம். அது தத்துப்பூச்சியின் இனிப்புக் கழிவின் மேல் வளர்கிறது, மரத்துக்குள் நுழைவதில்லை, ஆகவே அதற்கென்று பூசணக்கொல்லி வாங்காதீர்கள். பூச்சி அடங்கினால் புதிதாக வராது. ஏற்கெனவே படிந்ததை எடுக்க 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, 20 லிட்டராக்கி, பூ முடிந்தபின் நல்ல வெயில் நாளில் அடியுங்கள். கஞ்சி காய்ந்து உரியும்போது கறுப்பையும் சேர்த்துக்கொண்டு உதிரும். மேகமூட்டமான நாளில் செய்தால் பயனில்லை.

பூவைத் தாக்கும் நோய்கள்

பூ கருகுகிறது என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் பிடித்த வானிலையே வேறு. பூங்கொத்தின் மேல் வெள்ளையாக மாவு தூவினதுபோல் இருந்து, விரலால் தேய்த்தால் கையோடு வந்தால் அது சாம்பல் நோய். இதற்கு மழை தேவையில்லை. இரவு குளிர், காலையில் ஈரக்காற்று, பகலில் மிதமான வெயில், அவ்வளவு போதும். பெரும்பாலும் நுனியில் ஆரம்பித்து அடிவரை இறங்கும், மொட்டுகள் விரியாமலே உதிரும். தேய்த்தாலும் போகாத கறுப்புப் புள்ளிகள் காம்பிலும் பூவிலும் இருந்து, அவை ஒன்றோடொன்று சேர்ந்து பூங்கொத்தே கருகினால் அது ஆந்த்ராக்னோஸ். இதற்கு ஈரம் வேண்டும். தூறல், கடும் பனி, மூடுபனி என்று பூ நனைந்தபடி இருக்கும் நாட்களில்தான் பரவும்.

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், இன்றைக்கும் நம்பகமான மருந்து. நோய் வருவதற்கு முன்னாலோ, முதல் வெள்ளை தெரிந்த உடனேயோ அடித்தால்தான் பலன். வெயில் கொளுத்தும்போது கந்தகம் அடித்தால் பூ வெந்துவிடும், காலையிலோ மாலையிலோ மட்டும் அடியுங்கள். வேப்பெண்ணெய் உட்பட எந்த எண்ணெய்க்கும் கந்தகத்துக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி விட வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒரே வாரத்தில் இரண்டையும் அடித்துவிட்டு, நோய்தான் பூவைக் கருக்கியது என்று நினைப்பவர்கள் உண்டு. நோய் முற்றிவிட்டால் ஹெக்சகோனசோல் போன்ற ஊடுருவும் மருந்துக்குப் போகலாம், ஆனால் அதையே திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது.

ஆந்த்ராக்னோஸுக்கு மொட்டு விரியும் முன்பே மான்கோசெப் அல்லது காப்பர் ஆக்சிகுளோரைடு. காப்பர் மருந்தை விரிந்த பூவின் மேல் அடித்தால் பூவுக்கே கெடுதல். இந்தப் பூசணம் காய்ந்த குச்சிகளிலும் போன வருடத்துப் பூங்காம்புகளிலும் தங்கியிருந்து, மழைத்துளி தெறிக்கும்போது புதுப் பூவுக்குத் தாவுகிறது, எனவே மருந்தைவிட முக்கியம் காய்ந்ததை எல்லாம் வெட்டி அப்புறப்படுத்துவது. பிஞ்சிலேயே தொற்றிக்கொண்டு வெளியே தெரியாமல் அடங்கியிருந்து, பழம் கனியும்போது கறுப்புத் திட்டாக வெளிப்படுவதும் இதே ஆசாமிதான்.

மூன்றாவதாக ஒன்று, பூங்கொத்து உருக்குலைவு. நீண்டு விரிய வேண்டிய கொத்து குட்டையாக, தடித்து, இறுக்கமான உருண்டையாகிவிடும். பூக்கள் பெரும்பாலும் ஆண்பூக்கள், காயே பிடிக்காது, மற்ற கொத்துகள் காய்ந்து விழுந்தபிறகும் இது மட்டும் பச்சையாக நிற்கும். ஃபியூசேரியம் பூசணம் காரணம். இதைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை, யாராவது விற்றால் வாங்காதீர்கள். பாதித்த இடத்துக்குக் கீழே 15 முதல் 20 செ.மீ. நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டி, தோப்புக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்திரியைக் கிருமிநாசினியில் நனையுங்கள். அந்த மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி எடுக்கக் கூடாது. பூங்கொத்தின் நடுவில் சின்னச் சின்ன இலை முளைத்திருப்பதைப் பார்த்து இதுதானோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அது நோயே இல்லை, மொட்டு உருவாகும் நாட்களில் வெப்பம் கூடினால் சில கொத்துகள் அப்படி வரும், காயும் பிடிக்கும்.

மற்ற சில்லறைத் தொல்லைகள்

பூங்காம்பு ஒரு பக்கமாக வளைந்து, வளைவில் பொடித் துளை இருந்தால் பூ ஈயின் புழு உள்ளே இருந்திருக்கிறது. அது மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும், மரத்தடி மண்ணை லேசாகக் கிளறிவிட்டால் வெயிலிலும் எறும்பு, பறவை வாயிலும் போய்விடும். பூக்களை நூலாம்படையால் கட்டி உள்ளே உட்கார்ந்து தின்னும் புழு இருந்தால் அந்தக் கொத்தை மட்டும் வெட்டி அழித்தால் போதும். மாவுப்பூச்சிக் குஞ்சுகள் மண்ணிலிருந்து அடிமரம் வழியாக ஏறும் இனம் உங்கள் பகுதியில் இருந்தால், பூ வருவதற்கு முன்பே அடிமரத்தில் ஓர் அடி அகலத்துக்கு பிளாஸ்டிக் தாளை இறுக்கமாகச் சுற்றி, ஓரத்தில் கிரீஸ் தடவிவிடுங்கள். ஏறவே முடியாது.

பூ விரிந்திருக்கும்போது ஏன் கூடாது

மாம்பூவின் மகரந்தம் காற்றில் பறந்து போய்ச் சேரும் ரகம் இல்லை. ஈக்கள், கொசுத்தேனீ, தேனீ, குளவி இவைதான் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அதுவும் ஒரு கொத்தில் உள்ள நூற்றுக்கணக்கான, சில ரகங்களில் ஆயிரக்கணக்கான பூக்களில் பெரும்பாலானவை வெறும் ஆண்பூக்கள். காய் பிடிக்கக்கூடிய இருபால் பூ கொஞ்சம்தான், அதற்கு மகரந்தம் வருவதும் சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டிய காரியம். அந்த நேரத்தில் பூச்சிமருந்து அடித்தால் ஈயையும் தேனீயையும் நாமே துரத்திவிடுகிறோம், தண்ணீர் வேகத்தில் மகரந்தமும் கழுவிப் போகும். மரத்தில் ஈ மொய்க்கிறது என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மொய்க்கட்டும் என்று விடுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பூ விரிந்த நிலையில் சாம்பல் நோய் வேகமாகப் பரவினால் விட்டுவைக்க முடியாது. அப்போது மாலையில், பூச்சிகள் அடங்கியபிறகு, கந்தகத்தை மட்டும் மெல்லிய புகைபோல அடிக்கலாம். அதோடு வேறு எதையும் கலக்காதீர்கள்.

தெளிக்கும்போது

துளி பொடியாக வர வேண்டும், அதற்கு நாசில் தேயாமல் இருக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே, கீழிருந்து மேலே என்று போங்கள், இலை நனைந்து சொட்ட ஆரம்பித்தால் நிறுத்திவிடலாம். இரண்டு மருந்தைக் கலப்பதாக இருந்தால் முதலில் ஒரு பாட்டிலில் கொஞ்சமாகக் கலந்து கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள், திரிந்தாலோ அடியில் கட்டியாகப் படிந்தாலோ டேங்கில் கலக்காதீர்கள். உயரமான மரத்தில் அடிக்கும்போது மருந்து நம் மேலேயே விழும். முகக்கவசம், கண்ணாடி, கையுறை, முழுக்கை சட்டை போடாமல் இறங்க வேண்டாம். பக்கத்தில் தேன்பெட்டி வைத்திருப்பவர் இருந்தால் முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். பூ வருவதற்கு முன் தாராளமாகப் பாய்ச்சி, தழைச்சத்தும் போட்டால் மரம் பூவை விட்டுவிட்டுத் தளிர் விடப் போய்விடும், தத்துப்பூச்சிக்கும் இலைப்பேனுக்கும் பிடித்ததே அந்தத் தளிர்தான். பிஞ்சு பிடித்தது தெரிந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாய்ச்சுங்கள்.

பிஞ்சுகள் பட்டாணி அளவில் நிறையக் கொட்டும். மரம் தன்னால் தாங்க முடிகிறதை மட்டும் வைத்துக்கொள்கிறது, பூத்ததில் நூற்றில் ஒன்றுகூடக் கனியாவதில்லை. கொட்டின பிஞ்சைப் பொறுக்கிப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் மருந்து தேவையில்லை. தோல் சொரசொரப்பாகப் பழுப்பேறியிருந்தால் இலைப்பேன், கறுப்புப் புள்ளி இருந்தால் ஆந்த்ராக்னோஸ், அதற்குரியதை மட்டும் அடியுங்கள். கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் நடுவில் எத்தனை நாள் விட வேண்டும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். பறித்து முடிந்ததும், அடுத்த தளிர் வருவதற்கு முன்பாக, காய்ந்த குச்சிகளையும் ஒன்றின் மேல் ஒன்று உரசும் உள்கிளைகளையும் கழித்து, பெரிய வெட்டுகளில் காப்பர் பசையைத் தடவிவிடுங்கள்.