டெக்சாஸில் கண்காட்சிப் பன்றி வளர்க்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

ஹூஸ்டனைச் சுற்றியுள்ள புறநகர்களில் புதிதாகக் குடியேறும் தமிழ்க் குடும்பத்தில், வேளாண் பாடம் எடுத்த பிள்ளை ஒரு நாள் வந்து, தானும் ஒரு பன்றி வளர்க்கப் போவதாகச் சொன்னால், பெற்றோருக்குச் சிரிப்புத்தான் முதலில் வரும். எப்.எப்.ஏ., ஃபோர்-எச் ஆகிய மாணவர் அமைப்புகள் நடத்தும், பிள்ளை தான் வளர்த்த பன்றியைப் போட்டியில் நிறுத்தும் இந்தத் திட்டம் கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) அளவில் தொடங்கி, 1932 முதல் நடந்துவரும் ஹூஸ்டன் கால்நடைக் கண்காட்சி வரைக்கும் போகிறது. அதில் கல்லூரி உதவித்தொகைக்கும் வழி இருக்கிறது. இதற்காகவா அமெரிக்கா போனீர்கள் என்று ஊரிலிருந்து பாட்டி கேட்பார், கேட்கட்டும். அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து தொழுவம் கூட்டப் போகும் பிள்ளையை எந்தப் பயிற்சி வகுப்பும் நமக்கு உருவாக்கித் தராது.

அலுவல் முறைகளை வேளாண் ஆசிரியரே சொல்லிவிடுவார். ஃபோர்-எச்சில் மூன்றாம் வகுப்பிலிருந்தே சேரலாம். கால்நடையை முறையாக வளர்ப்பது பற்றிய ‘குவாலிட்டி கவுண்ட்ஸ்’ என்னும் பாடத்தை முடித்து, முடித்ததற்கான எண் வாங்க வேண்டும். நவம்பர் வாக்கில் மாநிலப் பதிவுக்காகக் பன்றியின் காதில் அடையாள டேக் போடுவார்கள், அந்தத் தேதியைத் தவறவிட்டால் பெரிய கண்காட்சிகள் அந்த ஆண்டுக்கு இல்லை. பெண் குட்டி வாங்கினால் பின்னால் குட்டி போடும் என்ற ஊர்க் கணக்கு இங்கே உதவாது. பெரிய கண்காட்சிகளில் இறைச்சிக்கான சந்தைப் பிரிவில் காயடித்த ஆணுக்கே இடம், பெண்ணுக்குத் தனிப் பிரிவு. மார்ச் கண்காட்சிக்குச் செப்டம்பரில் பிறந்த குட்டி சரியாக வரும். எட்டுப் பத்து வாரக் குட்டியாக 50 பவுண்டு எடையில் வருவது, ஆறு மாத வயதில் 250 முதல் 280 பவுண்டுக்குள் நிற்க வேண்டும். ஒரு பவுண்டு எடை கூட ஏறக்குறைய 3 பவுண்டு தீவனம் என்று வைத்தால், 50 பவுண்டு மூட்டைகள் 12-க்குக் குறையாமல் செலவாகும்.

ஊரில் வெண்பன்றிப் பண்ணை வைத்திருப்பவர்கள் ஓட்டல் மிச்சத்தைக் கொண்டு தீவனச் செலவைக் குறைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதை இங்கே நினைக்கவே வேண்டாம். இறைச்சி பட்ட ஓட்டல் மிச்சத்தை உரிமம் பெற்று, வேகவைத்த பின்னரே பன்றிக்கு ஊட்டலாம் என்று 1980-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது, அதற்குமேல் டெக்சாஸின் விதிகளும் இருக்கின்றன.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்த நண்பர் குடும்பம் ஒன்று மாட்டிக்கொண்டது மருந்தில். மகள் வளர்த்த, டியூராக் என்னும் செந்நிற இனப் பன்றி, கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கையில் இருமத் தொடங்கியது. வெப்பமானி 103 டிகிரி பாரன்ஹீட் காட்டியதும் வீடே பதறியது. மனிதருக்கு அது நல்ல காய்ச்சல், பன்றிக்கோ 102.5-ஐ ஒட்டியதே இயல்பான சூடு. புதிதாகக் கொட்டிய மரச்சீவலின் தூசிக்குக்கூட அது இருமியிருக்கலாம். ஊர்ப் பழக்கத்தில் நண்பர் நேராகக் கடைக்குப் போனார். 2023 ஜூன் முதல் மனித மருத்துவத்துக்கும் முக்கியமான கால்நடை ஆன்டிபயாட்டிக்குகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் விற்பதில்லை என்பதால் வெறுங்கையோடு திரும்பினார். அப்போதுதான் பக்கத்துத் தொழுவத்துக்காரர் ஒருவர், தன்னிடம் மிச்சமிருந்த, நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்னும் ஆன்டிபயாட்டிக் புட்டியை எடுத்துக் கொடுத்து, தாமே ஊசியும் போட்டுவிட்டார். கேட்காமலே மருத்துவராகிவிடும் இந்த உபகாரிகள் கடல் கடந்தாலும் நம்மை விடுவதில்லை.

பன்றி மறுநாளே தெளிந்து தின்றது. கண்காட்சிக்கு முன், பன்றிக்குக் கொடுத்த எல்லா மருந்துக்கும் உரிய விலக்குக் காலம், அதாவது மருந்து கொடுத்த பின் வெட்டாமல் காத்திருக்க வேண்டிய நாட்கள், முடிந்துவிட்டது என்று பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்திட வேண்டிய தாள் வந்தபோதுதான், நண்பர் அந்தப் புட்டியை வாங்கி, சிரிஞ்சு பட்டுப் பாதி அழிந்திருந்த லேபிளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் படித்தார். பன்றியை வெட்டுவதற்கு முன் 28 நாள் கழிய வேண்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது. ஊசி போட்டதற்கும் கண்காட்சிக்கும் இடையே இருந்ததோ 21 நாள். பொய்க் கையெழுத்துப் போட மகள் மறுத்துவிட்டாள், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பன்றி அரங்கு ஏறவில்லை. ஒரு குளிர்காலத்து உழைப்பு பின்னொரு நாள் சாதாரணச் சந்தை விலைக்குப் போனது.

ஊசி போட்ட மாட்டின் பாலைச் சில நாள் சொசைட்டியில் ஊற்றக் கூடாது என்பதை அறிந்த நமக்கு இது புரியாத செய்தி இல்லை. பிள்ளை பெயர் வைத்துக் குளிப்பாட்டி, பின்பையில் பிரஷ் செருகிக்கொண்டு நடை பழக்கும் பிராணியை இறைச்சியாக நினைக்க மனம் வராததுதான் இதை மறக்க வைக்கிறது. பெரும்பாலான சந்தைப் பன்றிப் போட்டிகள் ‘டெர்மினல்’ வகை, அதாவது போட்டி முடிந்ததும் பன்றி அங்கிருந்தே வெட்டுக்கு லாரி ஏறும். இதைப் பிள்ளையிடம் குட்டி வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கலிபோர்னியாவின் சாஸ்டா கவுன்டியில் 2022-இல் ஒரு சிறுமி கண்காட்சிக்குக் கொண்டுவந்த தன் ஆட்டை விற்க மனமில்லாமல் திரும்பக் கொண்டுபோனபோது, கவுன்டிக் காவல் அதிகாரியான ஷெரிப்பின் ஆட்கள் தேடிச் சென்று ஆட்டைப் பிடித்துவந்தார்கள், ஆடு வெட்டுப்பட்டது, வழக்கு நடந்து 2024-இல் 3 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

ஊசியைத் தொடையில் போடாமல் காதுக்குப் பின்னால் கழுத்தில் போடச் சொல்வதும் பன்றி கடைசியில் இறைச்சி என்ற இதே காரணத்தால்தான். தொடைதான் ஹாம் என்று விற்கும் இறைச்சி, அதில் தழும்பு விழுந்தால் அது கெடும். எந்த மருந்தானாலும் பெயர், அளவு, நாள், விலக்குக் காலம் நான்கையும் அன்றைக்கே நோட்டில் எழுதி, கண்காட்சித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். தீவன மூட்டையில் தைத்திருக்கும் சீட்டையும் கிழித்து எறியாமல் வாசியுங்கள், ஏனென்றால் குட்டிகளுக்கான சில தீவனங்களிலேயே மருந்து கலந்திருக்கும்.

மருத்துவரைத் தேடுவதை நோய் வரும்வரை தள்ளிப்போடக் கூடாது. ஹூஸ்டன் புறநகர்களான கேட்டியிலும் பேர்லாண்டிலும் நாய், பூனை பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பன்றி பார்ப்பவரை விசாரித்துத்தான் பிடிக்க வேண்டும். சீட்டு எழுதுவதற்கு அவர் அந்தப் பிராணியையும் வளர்ப்பவரையும் முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பது விதி என்பதால், குட்டி தொழுவத்துக்கு வந்த முதல் மாதத்திலேயே பணம் கொடுத்து ஒருமுறை நேரில் வரவழைத்துக் காட்டிவிடுங்கள்.